குரைக்கிற நாய், கடிக்கிற நாய்: பன்றி வேட்டைக்கு இனமா, வம்சமா?

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று நாம் கேலியாகச் சொல்வதை, டெக்சாஸிலும் லூசியானாவிலும் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் தகுதிச் சான்றாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு நாயின் வேலை, பன்றியைக் கண்டுபிடித்து, எதிரே நின்று, ஆள் வரும்வரை குரைத்துக்கொண்டே இருப்பது. கவ்விப் பிடிக்கக் கூடாது. இன்னொரு நாயின் வேலை கடித்துப் பிடிப்பது. அது தேடவும் வேண்டாம், குரைக்கவும் வேண்டாம். முதல் வகையை ‘பே டாக்’ என்கிறார்கள், இரண்டாவதை ‘கேட்ச் டாக்’. நாம் மடக்குநாய், பிடிநாய் என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, “பன்றிக்கு எந்த இனம் நல்லது?” என்பதுதான். பழைய ஆட்கள் அதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். உழவுக்கா, வண்டிக்கா, பாலுக்கா என்று கேட்காமல் மாட்டுச் சந்தையில் யாரும் கயிறு மாற்றுவதில்லையே.

பன்றிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் காட்டுப்பன்றி அந்த மண்ணின் பூர்வீக விலங்கு கிடையாது. 1539-ல் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ தே சோத்தோ ஃப்ளோரிடாவில் இறங்கியபோது படையின் சாப்பாட்டுக்காக ஓட்டிவந்த வீட்டுப்பன்றிகள், பின்னால் வந்த குடியேறிகள் வேலியில்லாமல் காட்டில் மேயவிட்டவை, 1912-ல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் வேட்டைப் பண்ணைக்கென்று கொண்டுவரப்பட்டுப் பின்னாளில் தப்பிப்போன ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள், எல்லாம் கலந்து பெருகியதுதான் இன்றைய கூட்டம். அந்நாட்டு வேளாண் துறையின் கணக்கில் குறைந்தது 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கு மேல். டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். பெட்டைப் பன்றி ஆறு முதல் எட்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று டெக்சாஸில் கணக்குச் சொல்வார்கள். 2019-லிருந்து அந்த மாநிலத்தில், நில உரிமையாளர் சம்மதித்தால், தனியார் நிலத்தில் பன்றியைக் கொல்ல வேட்டை உரிமமே தேவையில்லை.

நாய்களைக் கொண்டு இந்தப் பெருக்கத்தை அடக்கிவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டத்தையே மொத்தமாக அடைக்கும் பட்டிப் பொறியும் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதும்தான் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. பொறியை ஒருமுறை பார்த்துச் சுதாரித்துக்கொண்டு, இனி இரைக்கே கிட்ட வராத பன்றி இருக்கிறதே, அதற்குத்தான் நாய். குறிப்பாக ஒத்தையாகத் திரியும் முரட்டு ஆண்பன்றிக்கு.

வேட்டை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த வேலைப் பிரிவினை புரியும். பிக்கப் வண்டியின் பின்னால் நாய்ப்பெட்டி. அதிலிருந்து இரண்டு மூன்று மடக்குநாய்களை இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை. கையிலிருக்கும் கருவியின் திரையில் ஒவ்வொரு நாயும் ஒரு கோடாக ஊர்கிறது. பிடிநாய் கயிற்றில். அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. தூரத்தில் ஒரு குரைப்பு கேட்கும். ஒற்றைக் குரைப்புக்கு யாரும் அசைவதில்லை. பிறகு அதே இடத்திலிருந்து, ஒரே தாளத்தில், நறுக்கு நறுக்கென்று குரைப்பு தொடரும். மற்ற நாய்களின் கோடுகளும் திரையில் வளைந்து அந்தப் புள்ளியை நோக்கிப் போகும். பன்றி நின்றுவிட்டது என்று அர்த்தம். புதருக்கு முதுகைக் கொடுத்தோ ஓடைக்குள் இறங்கியோ, முகத்தை நாய்ப்பக்கம் திருப்பி நிற்கும். ஆட்கள் சத்தமில்லாமல் நெருங்கி, கிட்டே வந்த பிறகு பிடிநாயை அவிழ்த்துவிடுகிறார்கள். அது நேரே போய்க் காதைக் கவ்வும். உடனே ஒருவர் பின்பக்கமாகப் புகுந்து பன்றியின் பின்னங்கால்களைத் தூக்கியாக வேண்டும். பின்னங்கால் தரையில் பாவாத பன்றிக்குத் திரும்பிக் கிழிக்கப் பலம் வராது. அங்கே தாமதிக்கிற ஒவ்வொரு வினாடிக்கும் நாய்தான் தையல் போட்டுக்கொள்கிறது.

இந்த வேலைக்கு மோப்பம் ஒரு கேள்வி, வாய் இன்னொரு கேள்வி. நரியையும் ரக்கூனையும் துரத்தும் ஹவுண்ட் வகை நாய்கள், மோப்பம் பிடித்த கணத்திலிருந்தே ஊளையிட்டுக்கொண்டு ஓடும். மரமேறும் விலங்குக்கு அது சரி. பன்றிக்கு அரை மைல் முன்னாலேயே முன்னறிவிப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதுவும் எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே தெற்கத்திய வேட்டைக்காரர்கள் பலர் விரும்புவது, வாயைத் திறக்காமல் தடம் பிடித்துப் போய், பன்றியின் முகத்துக்கு எதிரே நின்ற பிறகு முதல் குரைப்பைப் போடும் நாய்களை. இந்தக் குணம் ‘கர்’ என்று அழைக்கப்படும் நாய்களிடம் அதிகம். ‘கர்’ என்பது ஆங்கிலத்தில் சொறிநாய்க்குச் சமமான வசவு. தெற்கு மாநிலங்களில் அதுவே பட்டப்பெயர்.

கர் நாய்களின் பிறப்பே பன்றியோடு சம்பந்தப்பட்டது. காட்டில் மேயவிட்ட பன்றிகளையும் மாடுகளையும் சந்தைக்கு ஓட்ட ஆண்டுக்கொரு தடவை திரட்டியாக வேண்டும். அதற்கு மந்தையைச் சுற்றி நின்று மடக்கும் நாய் தேவைப்பட்டது. லூசியானாவின் கட்டாஹூலா அப்படிப் பேர்பெற்றது. நாய்கள் வளைத்து நின்று குரைக்க, பன்றிகள் பயந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, அந்த நாய்களே வேலியாகிவிடும். 1979-ல் அது மாநில நாயாக அறிவிக்கப்பட்டது. டெக்சாஸின் மாநில நாய் ப்ளூ லேசி. கென்டக்கியிலிருந்து 1858-ல் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்த லேசி சகோதரர்கள் பர்னெட் பகுதியில் வளர்த்தெடுத்தது, சாம்பல் நீலத்தில் இருக்கும், உடம்பு சிறியது, ஓட்டம் பெரியது. மிசிசிப்பி, அலபாமா பக்கம் பிளாக் மௌத் கர். வட கரோலினாவில் ப்ளாட், 1750-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யோஹான்னஸ் ப்ளாட்டின் குடும்பப் பெயர் அதற்கு. ப்ளாட் ஹவுண்ட் வகைதான், வாய் திறந்து ஓடும். ஆனாலும் கரடி வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டதால், அதன் நெஞ்சுரத்துக்காகப் பன்றிக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். பழைய தடத்தையும் மோந்து எடுக்கும் மூக்கு வேண்டும் என்பதற்காகக் கர் வம்சத்தில் கொஞ்சம் ஹவுண்ட் ரத்தம் கலப்பதும் உண்டு. மூக்கு கூடும், சத்தமும் கூடவே வரும். இரண்டில் எது வேண்டும் என்பது அவரவர் காட்டைப் பொறுத்தது.

மடக்குநாயிடம் தேடுவதில் மிகவும் தந்திரமான குணம், எவ்வளவு கிட்டப் போகும் என்பது. தள்ளி நின்று குரைக்கும் நாய் அடிபடாது. நெடுநாள் வாழும். ஆனால் வேட்டைக்குப் பழகிப்போன பன்றி அதைச் சட்டை செய்யாமல் நடையைக் கட்டிவிடும். கிட்டே போய், பன்றி திரும்பும்போது பின்தொடையில் ஒரு கடி கடித்து விலகும் நாய், பன்றியை நிற்க வைக்கும். இன்னும் ஒரு படி மேலே போய்த் தானாகவே பாய்ந்து பிடிக்கத் துடிக்கும் நாயும் உண்டு. அது பார்க்க வீரம்தான், கால்நடை மருத்துவர் ரசீதைப் பார்க்கும்வரை. அடர்ந்த புதரும் ஓடும் பன்றியும் உள்ள இடத்தில் கொஞ்சம் முரட்டு நாய்கள் இரண்டு போதும். திறந்த வெளியில், பல நாய்களை ஒன்றாக விடுகிறவருக்கு நிதானமான நாய்கள்தான் சரி. ஒரு நாய் பிடிக்கப் பாய்ந்தால் மற்றவையும் பாயும், கூட்டமாக விடும்போது முரட்டுத்தனம் தொற்றிக்கொள்ளும்.

லூசியானாவின் வின்ஃபீல்டில் நடக்கும் ‘அங்கிள் எர்ல்ஸ்’ போட்டி இந்தக் குணத்தைத்தான் அளக்கிறது. பன்றி வேட்டைப் பிரியரான முன்னாள் ஆளுநர் எர்ல் லாங்கின் பெயரில் நடப்பது. பட்டிக்குள் பன்றியை எதிர்கொண்டு, பார்வையை விலக்காமல், தொடர்ந்து குரைத்து நிறுத்தும் நாய்க்கு மதிப்பெண். கடித்தால் குறையும். பன்றியை அடைத்துவைத்து நாயை ஏவிக் கடிக்கவிடும் ‘ஹாக் டாக் ரோடியோ’ வேறு சமாச்சாரம். பல தெற்கு மாநிலங்கள் அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன, தடுக்க வேண்டியதுதான்.

பிடிநாய்க்குத் தேவைகள் குறைவு, விட்டுக்கொடுக்க முடியாதவை. சொன்ன இடத்தில் கவ்வி, சொல்லும்வரை விடாமல் இருக்க வேண்டும். பக்கத்து நாயோடு சண்டை கூடாது. பன்றியின் காலைத் தூக்கிக்கொண்டிருக்கும் மனிதனை எந்த நிலையிலும் கடிக்கக் கூடாது. பிட்புல், அமெரிக்கன் புல்டாக், அவற்றின் கலப்புகள்தான் பெரும்பாலும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் புல்டாக் அருகிப்போன நிலையில் ஜான் டி. ஜான்சன், ஆலன் ஸ்காட் என்ற இருவர் அதை மீட்டெடுத்தார்கள். ஜான்சன் வழி கனத்த உடம்பு, குட்டை முகம். ஸ்காட் வழி மெலிந்தது, முகவாய் நீளம். பன்றிக்காரர்கள் ஸ்காட் வழியையே நாடுவதற்குக் காரணம் அழகு இல்லை, மூச்சு. டெக்சாஸ் கோடையில் குட்டை முகத்து நாய், பன்றி குத்தாமலே வெப்பத்தில் விழுந்து செத்துப்போகும். இனம் ஒன்றே, வம்சம் வேறு, வேலைக்கு ஒன்று உதவும் மற்றது உதவாது. இனத்தின் பெயரைக் கேட்டு நாய் வாங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அர்ஜென்டினாவின் டோகோ இந்தப் பட்டியலில் தனி ஜாதி. கோர்தோபா நகரத்து மருத்துவர் அந்தோனியோ நோரேஸ் மார்த்தினேஸ், 1920-களில் தம் சகோதரர் அகுஸ்தினுடன் சேர்ந்து அதை உருவாக்க ஆரம்பித்தார். மூலதனமாகக் கிடைத்தது கோர்தோபா சண்டைநாய். வலியைப் பொருட்படுத்தாத நாய், ஆனால் கடுவனும் பெட்டையும் இணைசேர விட்டாலே ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்று பேர் வாங்கியது. கூட்டமாக வேட்டைக்குக் கொண்டுபோக அது எதற்கு ஆகும்? அவர் மூக்குக்காகப் பாயிண்டரையும், உயரத்துக்காகக் கிரேட் டேனையும், சாந்தத்துக்காகப் பாக்சரையும், இன்னும் சிலவற்றையும் சேர்த்து, சக நாயோடு சண்டை போடாத வேட்டைநாயைப் பொறுக்கி எடுத்தார். புதருக்குள் நாயைப் பன்றியிலிருந்து பிரித்துப் பார்க்க வெள்ளை நிறம். 1956-ல் வேட்டைக்குப் போன இடத்தில் அவர் கொலையுண்டார். அகுஸ்தின்தான் தொடர்ந்தார். சர்வதேச நாய்க் கூட்டமைப்பு 1973-ல் இனமாக ஏற்றது. பிரிட்டனில் 1991-ன் ஆபத்தான நாய்கள் சட்டப்படி அதே டோகோவை வைத்திருக்கத் தடை.

அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. டோகோவிலும் வெள்ளைப் புல்டாக்கிலும் செவிட்டுக் குட்டிகள் வருவது இதனால்தான். கட்டாஹூலாவில் இதே வம்பு வேறு கதவு வழியாக வருகிறது. அதன் பளிங்குக் கறை போன்ற ‘மெர்ல்’ நிறத்தைப் பார்த்து மயங்கி, மெர்ல் கடுவனையும் மெர்ல் பெட்டையையும் சேர்த்தால், கணக்குப்படி நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். காது, கண் இரண்டுமே பழுதாகும் ஆபத்து அந்தக் குட்டிக்குத்தான் அதிகம். மெர்லை ஒற்றை நிறத்தோடுதான் சேர்க்க வேண்டும் என்பது பழைய வளர்ப்பாளர்கள் அறிந்த விஷயம்தான். காசுக்கு வளர்க்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது வம்சத்துக்கு வருவோம். கட்டாஹூலாவிலேயே பழைய வழிகள் மூன்று சொல்வார்கள். ரைட் வழி பெரிய உடம்பு, மக்மில்லின் வழி சிறிய உடம்பு நீலநிற நாய்கள், ஃபேர்பேங்க்ஸ் வழி நடுத்தரம். பிளாக் மௌத் கரில் லாட்னர் குடும்பத்து வழி பிரசித்தம். ‘எங்கள் நாய் லாட்னர் ரத்தம்’ என்று ஒருவர் சொன்னால், நான்கு தலைமுறைக்கு முன்னால் ஒரு பாட்டன் அந்த வீட்டிலிருந்து வந்திருக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பாதியாகக் கழிந்துகொண்டே போகும். ஐந்தாம் தலைமுறைப் பாட்டன் எவ்வளவு பெரிய சூரனானாலும் குட்டியிடம் சராசரியாக நூற்றுக்கு மூன்றுதான் மிச்சம்.

அந்தப் பங்கு கரையாமல் காக்கத்தான் வழிவளர்ப்பு என்ற உத்தி: பாட்டனுக்குப் பேத்தியையும், ஒன்றுவிட்ட உறவுகளையும் இணைப்பது. நமக்கு இது புதிதில்லை. மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு உள்ளின அளவு, அதாவது ஒரே மூதாதையின் அதே மரபணு அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு, 6.25 விழுக்காடு, அக்கா மகளைக் கட்டினால் 12.5. பாட்டன் பேத்தி இணைப்பும் அதே 12.5தான். உடன்பிறந்தவற்றை இணைத்தால் 25. நல்ல குணம் கெட்டிப்படுவது போலவே ஒளிந்திருக்கும் நோயும் கெட்டிப்படும். அமெரிக்கன் புல்டாக்கில், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் தள்ளாட ஆரம்பித்து நரம்பு சிதைந்துபோகும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. இரு பெற்றோரும் அதைச் சுமந்தால்தான் வரும். மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். அந்தச் சோதனைத் தாள் இல்லாமல் மூன்றடி நீளத்துக்கு வம்சாவளிப் பட்டியல் நீட்டுகிறவரிடம் நான் குட்டி வாங்க மாட்டேன்.

பட்டியலைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. மேலே இருக்கும் பெரிய பெயர்களை விட்டுவிட்டு, அப்பனையும் அம்மாவையும் பார்க்க வேண்டும். முடிந்தால் இருவரையும் வேட்டையில். பிறகு அதிகம் பேர் கேட்காத கேள்வி: இதே ஜோடியின் முந்தைய ஈத்தில் எத்தனை குட்டி, அதில் எத்தனை இப்போது வேலை செய்கிறது? எட்டில் ஆறு வேலை செய்தால் அந்த ஜோடியில் சரக்கு இருக்கிறது. எட்டில் ஒன்று மட்டும் பெரிய பேர் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் வருவது அந்த ஒன்றுதான், நமக்குக் கிடைப்பது மற்ற ஏழில் ஒன்றாக இருக்கும். மனிதர்கள் போலவே, சூரன் ஒருவனைவிட அவனுடைய உடன்பிறந்தவர்கள் எப்படி என்பதுதான் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

கலப்பைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. கர்ரையும் புல்டாக்கையும் கலந்தால் தேடவும் செய்யும், பிடிக்கவும் செய்யும், ஒரு நாயில் இரண்டு வேலை என்று. முதல் கலப்புக் குட்டிகள் பெரும்பாலும் அசத்தும். கலப்பு வீரியம் கைகொடுக்கும், குட்டிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அந்த ருசியில் இரண்டு கலப்புகளை ஒன்றோடொன்று இணைத்தால் அடுத்த ஈத்தில் சீட்டு கலைந்துவிடும். ஒன்று மூக்கில்லாத புல்டாக், ஒன்று பயந்த கர், ஒன்று நடுவில் எங்கேயோ. ஆஸ்திரேலியாவின் ‘புல் அரப்’ போலப் பன்றிக்கென்றே கலந்து உருவாக்கிய வகைகள் ஒரு நிலைக்கு வந்ததற்குக் காரணம், முதல் கலப்போடு நிற்காமல் பல தலைமுறைக்கு உதவாததைக் கழித்துக்கொண்டே வந்ததுதான்.

குட்டியா, பழகிய நாயா என்று கேட்டால், முதல்முறை வாங்குகிறவருக்கு வேலை தெரிந்த, நடுவயது தாண்டிய நாய் ஒன்றே உத்தமம். குட்டிகள் மற்ற நாயைப் பார்த்துத்தான் படிக்கும். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்து என்ன பயன்? குட்டியை முரட்டுப் பன்றியிடம் சீக்கிரம் விட்டு ஒருமுறை நன்றாகக் குத்து வாங்கவைத்தால், அது அத்தோடு முடிந்தது. எந்த உயர்ந்த வம்சமும் அதைத் திருப்பித் தராது.

காயத்தைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. தோல்பட்டையும் கெவ்லார் கவசமும் கழுத்தையும் நெஞ்சையும் காக்கும், தந்தம் கிழித்த இடத்தைத் தைத்துவிடலாம். ஆனால் காட்டுப்பன்றிகள் பல சுமந்து திரியும் சூடோரேபிஸ் என்ற வைரஸ் நாய்க்குத் தொற்றினால் பிழைப்பதில்லை. தாங்க முடியாத அரிப்பில் தன் முகத்தையே பிறாண்டிக்கொண்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் செத்துவிடும். நாய்க்கென்று அமெரிக்காவில் தடுப்பூசியும் கிடையாது. கவ்விப் பிடிக்கும் நாய்க்கு ஆபத்து அதிகம். குரைத்து நிறுத்திச் சுட்டுவிடுவது என்ற முறைக்குச் சிலர் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பன்றியின் பச்சை இறைச்சியை நாய்க்குப் போடாதே என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் காட்டுப்பன்றியையும் காக்கிறது. பயிரை அழித்தாலும் விவசாயி தானாக நாயை ஏவ முடியாது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் ஒரு காலத்தில் வேட்டைக் களத்தில் தேறித்தான் வம்சமானவை. களம் சட்டப்படி மூடிவிட்டது. மூடியதில் தப்பில்லை. பரீட்சை நின்ற பிறகு பெயரும் நிறமும்தான் பாக்கி. ராஜபாளையம் குட்டிக்கு இன்று விலை பேசுவது தூய வெள்ளையையும் இளஞ்சிவப்பு மூக்கையும் பார்த்து. டோகோவுக்கு வந்த அதே காதுக் கோளாறு இந்த வெள்ளைக்கும் உண்டு. குட்டி எடுக்கப் போகிறவர் பையில் ஒரு சாவிக்கொத்து வைத்துக்கொள்ளலாம். மற்றக் குட்டிகளை விலக்கிவிட்டு, அது பார்க்காத பக்கத்திலிருந்து ஆட்டிப் பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் செவிடு. திரும்பினாலும் ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியாக இருக்கலாம். அதை மருத்துவர் செய்யும் செவிநரம்புச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.